பல கோர் பிளக்குகளின் சார்பு ஊடுருவுதிறன் தரவுகளைச் சிமுலேட்டருக்கு ஏற்றபடி தொகுப்பது எப்படி?

மணற்கல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். தேக்கப் பொறியியல் பணியில் நான் புதியவன். நீர் செலுத்தி எண்ணெய் எடுக்கும் திட்டம் ஒன்றுக்காக, ஒரு மணற்கல் தேக்கத்தின் சிமுலேஷன் மாதிரியில் சார்பு ஊடுருவுதிறன் (எண்ணெயும் நீரும் சேர்ந்திருக்கும்போது ஒவ்வொன்றும் பாறையில் எவ்வளவு எளிதாக ஓடும் என்ற அளவு) அட்டவணைகளை அமைக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. ஆய்வகத்தின் ஸ்கால் அறிக்கையில் (பாறை மாதிரிகள் மீதான சிறப்புச் சோதனைகளின் அறிக்கை) பல கோர் பிளக்குகளின் (கிணற்றிலிருந்து வெட்டி எடுத்த சிறு உருளைப் பாறைத் துண்டுகளின்) எண்ணெய்-நீர்த் தரவுகள் உள்ளன. பிளக்குகளின் காற்று ஊடுருவுதிறன் 15 மில்லிடார்சியிலிருந்து 400 மில்லிடார்சி வரை விரிகிறது. நீர் செலுத்தியபின் எஞ்சிய எண்ணெயின் பங்கு சிலவற்றில் 0.22 ஆகவும் சிலவற்றில் 0.36 ஆகவும் இருக்கிறது. எல்லா வளைகோடுகளையும் ஒரே வரைபடத்தில் இட்டுப் பார்த்தால் எந்த ஒழுங்கும் தெரியவில்லை.

என் முன்னால் மூன்று வழிகள் உள்ளன. ஒவ்வொரு நீர்ப்பங்கிலும் (பாறையின் துளைவெளியில் நீர் நிரப்பும் பகுதி) எல்லா பிளக்குகளின் மதிப்புகளையும் கூட்டிச் சராசரி காண்பது முதல் வழி. நடுவில் விழும் ஒரு பிளக்கைத் தேர்ந்து அதையே எல்லா இடத்திலும் பயன்படுத்துவது இரண்டாவது வழி. ஆய்வகத் தரவை ஒதுக்கிவிட்டு, கோரி சூத்திரத்தில் (வளைகோட்டை நீர்ப்பங்கின் அடுக்குச் சார்பாக எழுதுவது) வழக்கமான அடுக்குகளை இட்டு வளைகோட்டை உருவாக்குவது மூன்றாவது. இவற்றில் எது சரி என்பதைக் காரணத்தோடு விளக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

துளைவெளி எழுதியது:

முதல் வழியை உடனே விலக்கிவிடுங்கள். ஏன் என்பதை ஒரு கணக்கில் பார்ப்போம். தொடக்க நீர்ப்பங்கு 0.18, 0.25, 0.34 என்றும், எஞ்சிய எண்ணெய் முறையே 0.30, 0.26, 0.22 என்றும் உள்ள மூன்று பிளக்குகளை எடுத்துக்கொள்வோம். நீர்ப்பங்கு 0.30 ஆக இருக்கும் புள்ளியில் முதல் இரண்டு பிளக்குகளில் நீர் ஓடத் தொடங்கிவிட்டது. மூன்றாவதில் அந்தப் புள்ளியே இல்லை. ஆகவே உங்கள் சராசரி அங்கே இரண்டு பிளக்குகளால் ஆனதாகவும், 0.34-க்கு அப்பால் மூன்றால் ஆனதாகவும் இருக்கும். இடையில் எந்தப் பாறையிலும் இல்லாத ஒரு முறிவு தோன்றும். மூன்றிலும் பொதுவாக உள்ள 0.48 என்ற நீர்ப்பங்கிலும் நிலைமை மேம்படுவதில்லை. எண்ணெய் நகரக்கூடிய இடைவெளியில் அந்தப் புள்ளி எங்கே விழுகிறது என்று கணக்கிட்டால், முதல் பிளக்கில் 0.58, இரண்டாவதில் 0.47, மூன்றாவதில் 0.32 என்று வருகிறது. அதாவது ஒரு பிளக்கில் இடப்பெயர்ச்சி பாதியைத் தாண்டிவிட்டது. இன்னொன்றில் மூன்றில் ஒரு பங்குகூட முடியவில்லை. வெவ்வேறு கட்டங்களில் இருக்கும் மூன்றைக் கூட்டி மூன்றால் வகுப்பதற்குப் பௌதிகப் பொருள் எதுவும் கிடையாது.

இதற்காகவே இயல்பாக்கம் செய்கிறோம். நீர்ப்பங்கிலிருந்து தொடக்க நீர்ப்பங்கைக் கழித்து, ஒன்றிலிருந்து தொடக்க நீர்ப்பங்கையும் எஞ்சிய எண்ணெயையும் கழித்துக் கிடைக்கும் எண்ணால் அதை வகுத்தால், எல்லா பிளக்குகளும் 0 முதல் 1 வரையிலான ஒரே அளவுகோலுக்கு வந்துவிடும். நீரின் சார்பு ஊடுருவுதிறனை எஞ்சிய எண்ணெய் நிலையில் உள்ள அதன் உச்ச மதிப்பாலும், எண்ணெயினுடையதைத் தொடக்க நீர்ப்பங்கில் உள்ள அதன் உச்ச மதிப்பாலும் வகுத்தால், செங்குத்து அச்சும் அவ்வாறே ஆகிவிடும். இப்போது எஞ்சியிருப்பது வளைகோட்டின் வடிவம் மட்டுமே. ஒழுங்கே இல்லை என்று நீங்கள் கண்ட கூட்டத்தில் பெரும்பாலான கோடுகள் இரண்டு மூன்று கற்றைகளாகச் சேர்வதை இந்த வரைபடத்தில் பார்க்க முடியும்.

அந்தக் கற்றைகளை ஒன்றாக்குவதற்கு முன் பாறை வகையைப் பாருங்கள். 1993-இல் அமெஃபுலேயும் உடன் ஆய்வாளர்களும் முன்வைத்த பாய்வு மண்டலக் குறியீடு இதற்கு எளிய கருவி. 120 மில்லிடார்சியும் 0.20 நுண்துளைமையும் உள்ள பிளக்கில், 120-ஐ 0.20-ஆல் வகுத்து, அதன் வர்க்கமூலத்தை 0.0314-ஆல் பெருக்கினால் 0.77 மைக்ரான், துளைவெளிக்கும் திடப்பொருளுக்கும் உள்ள விகிதம் 0.25, முன்னதைப் பின்னதால் வகுத்தால் குறியீடு ஏறத்தாழ 3.1 மைக்ரான். நெருங்கிய குறியீடு உள்ள பிளக்குகளை ஒரு குழுவாக்கி, அந்தக் குழுவுக்குள் மட்டும் ஒரே இயல்பாக்கிய நீர்ப்பங்கில் மடக்கைச் சராசரி எடுங்கள். 15 மில்லிடார்சிப் பாறையும் 400 மில்லிடார்சிப் பாறையும் ஒரே அட்டவணையைப் பகிர வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை.

பிறகு வருவது மறுதிசைப் பயணம். சராசரி வடிவத்தை மீண்டும் உண்மையான நீர்ப்பங்கு அளவுகோலுக்குக் கொண்டுவரும்போது பிளக்குகளின் சராசரித் தொடக்க நீர்ப்பங்கைப் பயன்படுத்தாதீர்கள். கிணற்று லாக்குகளும் (கிணற்றினுள் கருவி இறக்கி எடுத்த பதிவுகள்) நுண்புழை அழுத்தத் (நுண்துளைகளில் எண்ணெய்க்கும் நீருக்கும் உள்ள அழுத்த வேறுபாடு) தரவும் தரும் நீர்ப்பங்கு, மாதிரியின் கிரிட்டில் உள்ள ஒவ்வொரு செல்லுக்கும் (சிறு கட்டத்துக்கும்) வேறுபடும். அதையே முனைமதிப்பாக, அதாவது வளைகோடு தொடங்கும் புள்ளியாக, கொடுங்கள். எக்லிப்ஸ் போன்ற சிமுலேட்டர்களில் முனைமதிப்பு அளவீட்டு வசதி இதற்கென்றே இருக்கிறது. தொடக்க நீர்ப்பங்கு 0.22, எஞ்சிய எண்ணெய் 0.24 உள்ள செல்லில், இயல்பாக்கிய 0.5 என்பது 0.49 என்ற நீர்ப்பங்காக மாறும்.

இரண்டாவது வழியில் மீதிப் பாறையை மறந்துவிடுகிறீர்கள். மூன்றாவது வழியில் உங்கள் பாறையையே மறந்துவிடுகிறீர்கள்.

மணற்கல் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. ஒரு விளக்கம் தேவைப்படுகிறது. அறிக்கையின் சில அட்டவணைகளில் எண்ணெயின் சார்பு ஊடுருவுதிறன் 1.0 என்று தொடங்குகிறது, சிலவற்றில் 0.7 என்று தொடங்குகிறது. முன்னவை வேறு பாறை வகை என்று கொள்ளலாமா?

துளைவெளி எழுதியது:

அதற்கு முன் அடிப்படை ஊடுருவுதிறன் எது என்று அட்டவணையின் அடிக்குறிப்பில் தேடுங்கள். 1.0 என்று தொடங்கினால், தொடக்க நீர்ப்பங்கில் அளந்த எண்ணெய் ஊடுருவுதிறனால் வகுத்திருக்கிறார்கள் என்று பொருள். 0.7 என்று தொடங்குவது பெரும்பாலும் காற்று ஊடுருவுதிறனாலோ உப்புநீர் ஊடுருவுதிறனாலோ வகுத்ததாக இருக்கும்.

காற்றுக்கு 120 மில்லிடார்சியும், தொடக்க நீர்ப்பங்கில் எண்ணெய்க்கு 84 மில்லிடார்சியும் காட்டும் ஒரு பிளக்கில் நீரின் உச்ச மதிப்பு 0.40 என்று எண்ணெயை அடிப்படையாகக் கொண்டு தரப்பட்டிருந்தால், நீரின் உண்மையான ஊடுருவுதிறன் 33.6 மில்லிடார்சி. அதையே காற்றை அடிப்படையாகக் கொண்டு எழுதினால் 0.28. உங்கள் கிரிட்டில் காற்று ஊடுருவுதிறனை நிரப்பிவிட்டு அட்டவணையில் 0.40 என்று விட்டுவைத்தால், நீரின் நகர்வு 43 சதவீதம் மிகையாகிவிடும். எண்ணெயும் அதே விகிதத்தில் மிகையாவதால் நீர்ப் பாய்வுப் பின்னம் (மொத்தப் பாய்வில் நீரின் பங்கு) மாறாது. ஆகவே நீர்விகித வரைபடத்தில் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது. கிணற்று அழுத்தத்திலும் செலுத்துதிறனிலும்தான் அது வெளிப்படும். அப்போது காரணம் அறியாத ஒருவர் கிரிட்டின் ஊடுருவுதிறனையே குறைத்துப் பொருத்தம் தேடுவார். எல்லா அட்டவணைகளையும் ஒரே அடிப்படைக்கு மாற்றிய பிறகே இயல்பாக்கத்தைத் தொடங்குங்கள்.

உப்புநீர் எழுதியது:

நான் ஆய்வகத்தின் பக்கம் நிற்பவன். துளைவெளி அவர்கள் கூறிய வரிசை முழுவதும் சரியே. ஆனால் அதற்கும் முந்திய ஒரு கேள்வி இருக்கிறது: அந்த எண்கள் எந்தச் சோதனையிலிருந்து வந்தன?

எண்ணெயையும் நீரையும் குறிப்பிட்ட விகிதங்களில் ஒருசேரச் செலுத்தி, ஒவ்வொரு விகிதத்திலும் அழுத்தம் நிலைபெறும் வரை காத்திருப்பது நிலைப்பாய்ச்சல் முறை. நீரை மட்டும் செலுத்தி, வெளிவரும் எண்ணெயையும் அழுத்த வேறுபாட்டையும் நேரத்தோடு பதிவு செய்வது நிலையற்ற பாய்ச்சல் முறை. பின்னதில் பிளக்கின் உள்ளே நடப்பதை நாம் நேராக அளப்பதில்லை. கணக்கின் வழியாக ஊகிக்கிறோம். பக்லி, லெவரெட் இருவரும் 1942-இல் அமைத்த கோட்பாட்டையும், அதன்மேல் வெல்ஜ் 1952-இல் சேர்த்ததையும் கொண்டு, ஜான்சன், பாஸ்லர், நௌமன் ஆகியோர் 1959-இல் வகுத்த கணக்குமுறை இன்றும் பெரும்பாலான அறிக்கைகளில் இருக்கிறது. அந்த முறை நுண்புழை அழுத்தம் இல்லை என்று கொள்கிறது. நீர் வெளிமுனையை அடைந்த பிறகான தரவிலிருந்து மட்டுமே அது புள்ளிகளைத் தரும். அந்தப் புள்ளிகளும் பதிவுகளின் சரிவிலிருந்து கிடைப்பவை. ஆகவே பதிவில் உள்ள சிறு ஏற்ற இறக்கம்கூட வளைகோட்டில் பெரிதாகத் தெரியும். மெல்லிய எண்ணெயும் நீர் நனைக்கும் பாறையும் சேர்ந்தால், நீர் வந்தபின் வெளிவரும் எண்ணெய் மிகக் குறைவு. அத்தகைய பிளக்கில் வளைகோட்டின் நடுப்பகுதி முழுவதும் ஆய்வகம் வரைந்த இணைப்புக்கோடாகவே இருக்கக்கூடும். மூல அறிக்கையில் உண்மைப் புள்ளிகள் எவை என்று கேட்டு வாங்குங்கள்.

இனி முனை விளைவைப் பற்றிக் கூறுகிறேன். பிளக்கின் வெளிமுனையில் இரு திரவங்களும் ஒரே அழுத்தத்தில் வெளியேறுகின்றன. அங்கே நுண்புழை அழுத்தம் பூச்சியம். எண்ணெயை ஓரளவு விரும்பும் பாறையில், உண்மையான எஞ்சிய எண்ணெய் நிலையை அடைய எதிர்மறை நுண்புழை அழுத்தம் வேண்டும். அது வெளிமுனையில் கிடைக்காததால் எண்ணெய் அங்கே தேங்கிவிடுகிறது. நீளமான கோரில் இது சிறு பகுதி. 7 சென்டிமீட்டர் பிளக்கில் இது கணிசமான பகுதி. 1953-இல் ராப்போபோர்ட், லியஸ் இருவரும் நீளம், திசைவேகம், பாகுநிலை ஆகிய மூன்றின் பெருக்கத்தைக் கொண்டு இதற்கு ஓர் அளவுகோல் தந்தார்கள். தேக்கத்தில் நீர் நகரும் வேகம் என்று பலர் எடுத்துக்கொள்ளும் நாளொன்றுக்கு ஓர் அடியை 7 சென்டிமீட்டர் பிளக்குக்கும் 1 சென்டிபாய்ஸ் நீருக்கும் இட்டுப் பார்த்தால், அந்தப் பெருக்கம் (சென்டிமீட்டர், நிமிடம், சென்டிபாய்ஸ் அலகுகளில்) 0.15 அளவில் நிற்கிறது. வழக்கமாக எதிர்பார்க்கப்படும் மதிப்பு 1-க்கும் மேல். தேக்கத்தின் வேகத்தில் சோதித்தோம் என்று பெருமையாக எழுதியிருக்கும் அறிக்கைகளை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படியுங்கள்.

அளவீட்டுப் பிழையையும் மறக்க வேண்டாம். 3.8 சென்டிமீட்டர் விட்டமும் 7 சென்டிமீட்டர் நீளமும் 0.20 நுண்துளைமையும் உள்ள பிளக்கின் துளைவெளி முழுவதும் சேர்த்து 16 மில்லிலிட்டர்தான். குழாய்களில் தங்கிவிடும் அரை மில்லிலிட்டர் திரவத்தைக் கணக்கில் விட்டுவிட்டால், நீர்ப்பங்கு 0.03 நகர்ந்துவிடும். சோதனை முடிந்தபின் டீன்-ஸ்டார்க் முறையில் நீரைப் பிரித்து அளந்திருக்கிறார்களா, ஊடுகதிர் கொண்டு பிளக்கின் உள்ளேயே திரவப் பரவலைப் பார்த்திருக்கிறார்களா என்பவற்றைக் கேளுங்கள். இறுதியில் வேகத்தை உயர்த்தி மீண்டும் அளந்திருந்தால், உயர்த்தும் முன்னும் பின்னும் உள்ள இரு மதிப்புகளையும் பெறுங்கள். உயர்த்தியதும் கூடுதல் எண்ணெய் வெளிவந்து நீரின் ஊடுருவுதிறனும் ஏறினால், அது முனை விளைவின் அடையாளம். நீரின் ஊடுருவுதிறன் இறங்கினால், நுண்துகள்கள் நகர்ந்து துளைகளை அடைத்துவிட்டன என்று சந்தேகிக்க வேண்டும்.

கிரிட்செல் எழுதியது:

இவ்வளவு உழைப்பு தேவையா என்பதே என் கேள்வி. ஹிஸ்டரி மேட்ச் (மாதிரியைக் கடந்தகால உற்பத்திப் பதிவோடு பொருத்துவது) செய்யும்போது எஞ்சிய எண்ணெயையும் கோரி அடுக்குகளையும் எப்படியும் மாற்றத்தான் போகிறோம். கிரிட் செல் 50 மீட்டர் அகலம் உடையது. அதன் பாய்வு நடத்தை 7 சென்டிமீட்டர் பிளக்கின் நடத்தையாக இருக்கப்போவதில்லை. உற்பத்தித் தரவே இறுதி நீதிபதி என்று கருதுகிறேன்.

துளைவெளி எழுதியது:

செல்லின் அளவைப் பற்றி நீங்கள் கூறுவது உண்மை; பெரிய செல்களில் நீர்முகப்பு பரவலாவதைச் சரிசெய்ய, பாறை வளைகோட்டிலிருந்து வேறுபட்ட ஒரு வளைகோடு தேவைப்படலாம். ஆனால் எங்கிருந்து விலகுகிறோம் என்பது தெரிந்தால்தான், அந்த விலகல் நியாயமானதா என்று சொல்ல முடியும். நீர் இன்னும் உற்பத்திக் கிணற்றை எட்டாத ஒரு தேக்கத்தில் உற்பத்தித் தரவு சார்பு ஊடுருவுதிறனைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை. மணற்கல் அவர்களின் திட்டம் அந்நிலையில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். நீர் வந்த பிறகும்கூட, பாறை அடுக்குகளின் ஊடுருவுதிறன் வேறுபாட்டால் முன்கூட்டி வந்த நீரையும், வளைகோட்டின் வடிவத்தால் வந்த நீரையும் ஒரு நீர்விகித வரைபடம் தனித்தனியாகப் பிரித்துக் காட்டாது.

இன்னொன்று மிக முக்கியமானது. எஞ்சிய எண்ணெயையும் நீரின் உச்ச மதிப்பையும் தனித்தனித் திருகுகளாக நினைத்துத் திருப்புவதை நான் தொடர்ந்து காண்கிறேன். முனை விளைவு இரண்டையும் ஒருசேரக் கெடுக்கிறது: எஞ்சிய எண்ணெய் மிகையாகப் பதிவாகும்போது, நீரின் உச்ச மதிப்பு குறைவாகப் பதிவாகும். திருத்தும்போதும் இரண்டையும் ஒருசேரத் திருத்த வேண்டும். தொடக்க நீர்ப்பங்கு 0.20 உள்ள பாறையில் எஞ்சிய எண்ணெய் 0.34, நீரின் உச்சம் 0.25 என்று குறைந்த வேகத்தில் பதிவாகி, திருத்தியபின் அவை முறையே 0.26, 0.40 என்று மாறுவதாகக் கணக்குக்காக வைத்துக்கொள்வோம். நீர் தொட்ட இடத்திலிருந்து எடுக்கக்கூடிய எண்ணெய் 57.5 சதவீதத்திலிருந்து 67.5 சதவீதமாக உயர்கிறது. இந்த ஒரு பாதியை மட்டும் திருத்துபவர் மகிழ்ச்சியான முன்கணிப்பைத் தருவார். மறுபாதியையும் திருத்தினால், எண்ணெயின் பாகுநிலை 2 சென்டிபாய்ஸ், நீரினுடையது 0.5 சென்டிபாய்ஸ், எண்ணெயின் உச்ச மதிப்பு 1.0 என்ற நிலையில், நகர்வு விகிதம் (நீரின் நகர்வை எண்ணெயின் நகர்வால் வகுத்தது) 1.0-லிருந்து 1.6-க்கு ஏறுகிறது. நீர் விரைவில் வரும். பரப்பில் எண்ணெயைத் துடைக்கும் திறன் குறையும். அந்த 10 சதவீதப் புள்ளிகளில் ஒரு பகுதி, பொருளாதார எல்லைக்கு முன் கைக்கு வராமலே போகும். தவறான அட்டவணை ஒரே திசையில் தவறுவதில்லை என்பதாலேயே, உற்பத்தி வரலாற்றோடு அது தற்செயலாகப் பொருந்திவிட்டு எதிர்காலத்தில் கைவிடும்.

திருத்துவதற்கு எளிய வழி ஒன்று உண்டு. நகரக்கூடிய எண்ணெயின் பங்குக்கு எதிராக எண்ணெயின் சார்பு ஊடுருவுதிறனை இரு அச்சுகளிலும் மடக்கை அளவில் வரையுங்கள். எஞ்சிய எண்ணெய்க்கு மிகக் குறைந்த மதிப்பை ஊகித்தால் கோடு முடிவில் கீழ்நோக்கிச் சரியும். மிகக் கூடுதலாக ஊகித்தால் முடிவில் தட்டையாகும். சரியான ஊகத்தில் நேர்கோடாக நிற்கும். முனை விளைவு தீண்டாத முற்பகுதிப் புள்ளிகளைக் கொண்டு இந்த நேர்கோட்டைத் தேடுங்கள். அதன் சரிவே கோரி அடுக்கு. நீர் நனைக்கும் பாறையில் எண்ணெயின் அடுக்கு 2 முதல் 4 வரையும், நீரினுடையது 5 முதல் 8 வரையும் இருப்பது வழக்கம். எண்ணெய் நனைக்கும் பாறையில் எண்ணெயினுடையது 6 முதல் 8, நீரினுடையது 2 முதல் 3. மைய மதிப்பிலிருந்து பெரிதும் விலகும் பிளக்கைக் காரணம் கண்டபிறகே நீக்குங்கள். ஒரே அடுக்கால் வளைகோட்டின் இரு முனைகளையும் பொருத்த முடியாதபோது, லோமலான்ட், எபல்டாஃப்ட், தாமஸ் ஆகியோர் 2005-இல் வெளியிட்ட எல்-இ-டி (LET) வடிவம் மூன்று அளவுருக்களைத் தருகிறது. மேலும் நுண்புழை அழுத்தத் தரவும் கிடைத்தால், சோதனையையே ஒருபரிமாணச் சிமுலேஷனாக ஓட்டி, எண்ணெய் உற்பத்தியையும் அழுத்த வேறுபாட்டையும் ஒருசேரப் பொருத்துவதே மேலான முறை.

சுண்ணாம்புக்கல் எழுதியது:

நனைதன்மையைப் பற்றி ஒரு சேர்க்கை. பிளக்கைக் கழுவிவிட்டு நேராகச் சோதித்தால், தேக்கத்தில் எண்ணெயை விரும்பிய பாறை ஆய்வகத்தில் நீரை விரும்பும் பாறையாக நடந்துகொள்ளும். கழுவியபின் தொடக்க நீர்ப்பங்கை அமைத்து, தேக்கத்தின் எண்ணெயில், தேக்க வெப்பநிலையில் ஊறவிட வேண்டும். ஆண்டர்சன் 1986, 1987 ஆண்டுகளில் எழுதிய தொடர் ஆய்வுரைகளில் பரிந்துரைத்த 1000 மணி நேரம், அதாவது ஏறத்தாழ 40 நாட்கள், இன்றும் மேற்கோளாக நிற்கிறது. அறிக்கையில் இந்த ஊறல் காலம் எழுதப்படவில்லை எனில், அந்த அட்டவணைகளை மற்றவற்றோடு கலக்காமல் தனியே வையுங்கள்.

கலப்பு நனைதன்மையில் (சில துளைகள் எண்ணெயையும் சில நீரையும் விரும்பும் நிலை) எஞ்சிய எண்ணெய் என்ற ஒற்றை எண்ணே நிலையற்றது. டெக்சாஸின் கிழக்கு டெக்சாஸ் வயலில் நீர் கடந்த பாறைகளில் எண்ணெய் மிகக் குறைவாகவே எஞ்சியிருப்பதை விளக்க, சலாதியல் 1973-இல் காட்டியது இதுதான்: பெரிய துளைகளின் சுவர்களில் எண்ணெய் மெல்லிய படலமாகத் தொடர்ந்து வழிகிறது, துளைவெளியின் பல நூறு மடங்கு நீர் கடந்த பிறகும் எண்ணெய் வந்துகொண்டே இருக்கிறது. அத்தகைய பாறையில் சோதனையை எங்கே நிறுத்தினார்களோ அதுவே எஞ்சிய எண்ணெயாக அறிக்கையில் பதிவாகிறது. செலுத்திய நீரின் அளவைக் குறிக்காமல் அந்த எண்ணை எழுதக்கூடாது என்பதை நான் அழுத்தமாகச் சொல்ல விரும்புகிறேன். மும்பைக்கு அப்பால் கடலில் உள்ள மும்பை ஹை (முன்னர் பாம்பே ஹை) போன்ற சுண்ணாம்புக்கல் தேக்கங்களில் வேலை செய்வோருக்கு இது அன்றாடக் கவலையாக இருக்க வேண்டும்.

மணற்கல் எழுதியது:

மூன்று நாள் அறிக்கை வாசிப்பில் கிடைக்காத தெளிவு இங்கே கிடைத்தது. அட்டவணைகளை ஒரே அடிப்படைக்கு மாற்றுவதையும், ஆய்வகத்திடம் மூலப் பதிவுகளைக் கேட்பதையும் உடனே தொடங்குகிறேன். இரண்டு சிறு கேள்விகள் எஞ்சியுள்ளன. எரிவாயு-எண்ணெய் அட்டவணைக்கும் இதே வரிசைதானா? எண்ணெய்-நீர் எல்லைக்கு மேலுள்ள இடைநிலை மண்டலத்தில் எஞ்சிய எண்ணெய்க்கு எந்த மதிப்பைக் கொடுப்பது?

துளைவெளி எழுதியது:

எரிவாயுவுக்கும் வரிசை இதுவே. அங்கே நீரையும் எண்ணெயையும் சேர்த்து மொத்தத் திரவப் பங்காக எடுத்து இயல்பாக்குவீர்கள். எரிவாயு இல்லாத நிலையில் எரிவாயு-எண்ணெய் அட்டவணை தரும் எண்ணெய் மதிப்பும், தொடக்க நீர்ப்பங்கில் எண்ணெய்-நீர் அட்டவணை தரும் எண்ணெய் மதிப்பும் ஒன்றாக இருக்க வேண்டும். இரண்டும் ஒரே நிலையைக் குறிப்பவை. எரிவாயுவின் உச்சப் பங்கும் தொடக்க நீர்ப்பங்கும் சேர்ந்து ஒன்றைத் தாண்டக்கூடாது. இரு அட்டவணைகளையும் தனித்தனியாகத் திருத்தும்போது இந்தப் பொருத்தம் உடைவது வழக்கம். எண்ணெய், நீர், எரிவாயு மூன்றும் ஒருசேர ஓடும் பகுதிக்கு ஸ்டோனின் 1970, 1973 மாதிரிகளில் ஒன்றைச் சிமுலேட்டரே கணக்கிட்டுக்கொள்ளும்.

இடைநிலை மண்டலத்துக்கு ஒற்றை மதிப்பு போதாது. தொடக்கத்தில் எண்ணெய் குறைவாக இருந்த துளைவெளியில் சிக்கி நிற்கும் எண்ணெயும் குறைவாகவே இருக்கும். எரிவாயுவுக்காக 1968-இல் லேண்ட் தந்த உறவை எண்ணெய்க்கும் பயன்படுத்துகிறார்கள்: சிக்கிய பங்கின் தலைகீழிலிருந்து தொடக்கப் பங்கின் தலைகீழைக் கழித்தால் ஒரு மாறிலி கிடைக்கும். உச்சத் தொடக்க எண்ணெய் 0.80-க்கு எஞ்சியது 0.26 என்றால் அந்த மாறிலி 2.6. அதே பாறையில் தொடக்க எண்ணெய் 0.40 மட்டுமே உள்ள செல்லில் எஞ்சுவது 0.20 ஆகும். 0.26 என்றே எல்லாச் செல்களுக்கும் கொடுத்திருந்தால், அந்தச் செல்லில் நகரக்கூடிய எண்ணெய் 0.20-க்குப் பதிலாக 0.14 என்று குறைந்துபோயிருக்கும். கலப்பு நனைதன்மையுள்ள பாறையில் இந்த உறவு நேர்கோட்டை நெருங்குவதும் உண்டு. ஆகவே வெவ்வேறு தொடக்க நீர்ப்பங்குகளில் சோதித்த இரண்டு மூன்று பிளக்குகளாவது உங்கள் அறிக்கையில் இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். இருந்தால் மாறிலியை அவற்றிலிருந்தே எடுங்கள். இல்லையெனில், அடுத்த கோர் ஆய்வுக்கான கோரிக்கையில் அதை இப்போதே சேர்த்துவிடுங்கள்.